நனையாத தோணி

கடல் ஒரு முறை ஊருக்குள் வந்து திரும்பிப் போன பிறகு, சேந்தாமுனைக்காரர்களைக் கரையிலிருந்து பெயர்த்துத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், உடைமரக் காட்டைத் திருத்திக் கட்டிய காலனியில் அரசாங்கம் குடிவைத்தது. அலைச்சத்தம் எட்டாத அந்தக் காலனியில், ஒன்றைப் போலவே மற்றொன்று இருந்த வீடுகளில் ஒன்றின் முன்னறையில், தையல் ஆசிரியை பிரகாசி செய்துவைத்திருந்த பாதித் தோணி, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தன்னைத் தாங்கியிருந்த சிமெண்டுக் கற்களை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பி நின்றது.

பாதித் தோணி என்பது பிழை; பிரகாசி கேட்டால் திருத்துவாள். அது இரட்டைத் தோணியின் இடது உடல். மெலிந்த இரண்டு உடல்களைச் சற்றே தள்ளித் தள்ளி நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, நடுவே மரம் நட்டுப் பாய் விரித்தால், எஞ்சினும் டீசலும் இல்லாமல் அது காற்றை மட்டும் தின்று ஓடும்; ஓர் உடல் சாயப் பார்த்தால் மற்றது இழுத்து நிறுத்தும்; பிரித்து விட்டால் இரண்டும் கவிழும். வலது உடல், அடுத்த வீட்டில், அவளுடைய தம்பி கஸ்பாரின் முற்றத்தில் நீலத் தார்ப்பாயின் கீழ் இருந்தது.

வரைபடத்தைக் கொச்சியில் படகு கட்டும் கொட்டகை ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பியபோது கஸ்பார்தான் கொண்டுவந்தான். காற்றின் ஒவ்வொரு திசைக்கும் பெயர் தெரிந்த அவனுக்கு அந்தத் தாள் மட்டும் பிடிபடவில்லை. தாளில், பிளைவுட் பலகையைக் காட்டும் கட்டங்களுக்குள் நீள நீளமாக ஏதோ வரைந்திருந்தது. தோணியின் சாயலே அதில் இல்லை.

"என்னக்கா இது, வாழையிலைய வகுந்து போட்ட மாதிரில்லா இருக்கு?"

பிரகாசி கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒருமுறை பார்த்தாள். "ஏல, இது ரவிக்கை கட்டிங். தட்டையாக் கிடக்கிற துணிக்கு எப்படில உடம்பு வருது? வெட்டுலயும் தையல்லயும்தான வருது? இது துணிக்குப் பதிலாப் பலகை, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில்காலத்தையும் தின்றது. தையல் சாக்கட்டியால் அவள் கோடு போட, கோட்டின் வெளிப்புறமாக அவன் அறுத்தான். விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பியால் பலகையோடு பலகையை அவள் தைத்துக் குறட்டால் முறுக்க முறுக்க, தரையில் கிடந்த தட்டைப் பலகைகள் விலா விரிந்து, வயிறு உப்பி, உயிருள்ள ஒன்றைப் போல மூச்செடுத்து எழுந்தன. மரத்தூள் குழைத்த எபாக்சிப் பசையை உள்மூட்டுகளில் அவன் தடவினான். பசை இறுகியபின் கம்பித் தையலை அவள் பிரித்தெடுத்தாள். தோணி அறையில் இருந்ததால் தையல் வகுப்பு நிற்கவில்லை. வெட்டு மேசையையும் பெஞ்சுகளையும் பின்கட்டுக்குத் தள்ளி, இரும்புத் தையல் மெஷின்களைச் சுவரோரம் ஒதுக்கி, பெண்களுக்கு அவள் வழக்கம்போல் கொக்கி கட்டவும் காஜா எடுக்கவும் சொல்லிக்கொடுத்தாள். முன்னறையில் மரத்தால் ஆனதாய் மிஞ்சியது தோணியும் வாசற்கதவும் மட்டுமே.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் வந்த காலையில், பழைய வீட்டின் இரட்டைக் கதவு பெயர்ந்து மிதந்தபோது, அதன் ஒரு பலகையில் ஒரு கையும் கஸ்பாரின் சட்டைக் காலரில் மறு கையுமாகப் பிரகாசி பனங்காடு வரை வந்து சேர்ந்தாள். அரசாங்கம் கொடுத்த தகரக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பலகைகளையும் தேடிப் பிடித்துப் புது வீட்டில் மாட்டியிருந்தாள்.

முதல் தையல் போட்ட அன்று அவள் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். சேந்தாமுனையில் பெண்கள் வலை பின்னலாம், மீன் சுமக்கலாம், கரையில் நின்று கண்ணீர் விடலாம்; தோணியில் கால் வைக்க மட்டும் கூடாது. கடலைப் பார்த்தே ஐம்பது வயதைக் கடந்தவள் அவள். அந்தப் பக்கத்திலிருந்து கரை எப்படித் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

"தச்சு முடிச்ச பொறவு, மொத ஓட்டத்துக்கு என்னை ஏத்துவியா?"

கஸ்பார் சிரிக்கவில்லை. பசை அப்பிய கையைக் கதவின் மேல் வைத்து, "உன்னை ஏத்தாம இந்தத் தோணி நனையாதுக்கா" என்றான். அந்தக் கதவின் மேல் கை வைத்துச் சொன்னதால் பிரகாசி வேறு சத்தியம் கேட்கவில்லை.

தோணி எழும்பிய செவ்வாய்க்கிழமை, பிரகாசி குறட்டைக் கீழே வைத்துவிட்டு, அளவு நாடாவால் உயரத்தை அளந்தாள். பிறகு, எழும்பியது எழும்பியபடி நிற்கையில் அடிப்பக்கம் வசதியாகக் கிடைக்கிறதே என்று, குனிந்து உப்புத்தாள் தேய்க்கத் தொடங்கினாள். மதியம் கழிந்து தோணி மெல்ல இறங்கிக் கற்களில் உட்கார்ந்தது. அடுத்த நாள் சற்றுத் தாமதமாக எழும்பியது, அதற்கடுத்த நாள் இன்னும் தாமதமாக. கரையில் பிறந்தவர்களுக்கு அதைக் கணக்கிட எதுவும் தேவைப்படவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் கடலில் ஓதம் ஏறும்போது தோணி ஏறியது; ஓதம் வற்றும்போது இறங்கியது.

முதல் நாள் காலனியில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு நெடுஞ்சாலைப் பாலத்தில் போய் நின்றார்கள். கடல் தங்களைத் தேடி வந்துவிட்டது என்று அழுதார்கள். தரை உலர்ந்தே இருந்தது. யாருடைய பாதமும் நனையவில்லை. சாயங்காலம், அடுப்பில் வைத்த உலை நினைவுக்கு வந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு வாரத்தில் அழுகை ஓய்ந்து யோசனை பிறந்தது. கடலுக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து போய் ஏமாறுவதற்குப் பதில், டீச்சர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார்கள். தூங்காத கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் ஓத நேரத்தில் கொண்டுவந்து தோணிக்குள் கிடத்தினார்கள். அது ஆடிய ஆட்டத்தில் பிள்ளைகள் அடங்கின. கடல் வந்த நாளிலிருந்து இமை மூடாமல் கிடந்த எதிர்வீட்டு மிக்கேலம்மா, ஒருநாள் கேட்காமல் கொள்ளாமல் அதில் ஏறிப் படுத்து, வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாள். அதன்பின் ஓதம் அவளுக்கு என்று ஊரே ஒதுக்கிக்கொடுத்தது. வீட்டுக்குள் கிடப்பது தோணியில் சேர்த்தியில்லை என்று, பெண் அதில் ஏறியதை ஊர்க் கமிட்டியும் கண்டுகொள்ளவில்லை.

பங்குத்தந்தை வந்து, முட்டி போட்டு, தோணியின் அடியில் கையை நீட்டித் துழாவினார்.

"ரொம்பக் குனியாதிய ஃபாதர், இடுப்பு பிடிச்சுக்கிடும்" என்றாள் தோணிக்குள் கிடந்த மிக்கேலம்மா.

"ஞாயிற்றுக்கிழமையும் எழும்புதா?" என்று அவர் பிரகாசியிடம் கேட்டார்.

"ஓதத்துக்கு ஞாயிறு தெரியாது ஃபாதர்."

அவர் யோசித்துப் பார்த்து, பூசை நேரத்தை ஓதத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் மாற்றிவைத்தார். கோயிலில் கூட்டம் குறையாமல் இருந்தது.

ஆனால் வேறு சில சிறிய சங்கதிகளும் இருந்தன. அவற்றை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஓத நேரத்தில் வாசற்கதவு கீலில் கிடந்து முனகியது. தரையில் உதிர்ந்த மரச்சீவல்கள் எழும்பிச் சுவரோரம் ஒரே மட்டத்தில் வரிசை பிடித்து நின்றன. தோணியின் குணம் சீவலுக்கும் ஒட்டிக்கொண்டது போலும் என்று எண்ணி, பிரகாசி விளக்குமாற்றை இடுப்புயரத்துக்குத் தூக்கி அவற்றைப் பெருக்கித் தள்ளினாள்.

வலது உடல் எழும்பவில்லை. அதையும் அவள்தான் வெட்டினாள், அவன்தான் ஒட்டினான்; ஆனாலும் அது முற்றத்தில் மரம்போல் கிடந்தது. கஸ்பார் ஓத நேரத்தில் அதன் அடியில் விரலை விட்டுப் பார்ப்பதை, சமையலறை ஜன்னல் வழியாக அவள் ஒன்றிரண்டு முறை பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊரில் எல்லோரும் 'டீச்சர் தோணி' என்று சொல்லப் பழகியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் தொபியாஸ் டீக்கடையில் வைத்து, எல்லோரும் கேட்க, "தோணி யாருதுல கஸ்பார்? ஒன்னுதா, ஒங்க அக்காளுதா? கடல்ல போய் வலையும் அவளே போடுவாளா, இல்ல நீ கூடப் போயி காஜா எடுப்பியா?" என்று கேட்டதும், கடையே சிரித்ததும் அவள் காதுக்கு வந்தது.

பழைய வள்ளம் உடைந்த நாளிலிருந்து கஸ்பாருக்குக் கரையில் இடம் இல்லை. தோணி நிறுத்தும் இடத்தைக் கமிட்டி ஒதுக்கித் தர வேண்டும். இடம் இல்லாதவன் பிறர் வள்ளத்தில் கூலிக்கு ஏற வேண்டும். தொபியாஸ் அவனைத் தனியே அழைத்து என்ன சொன்னார் என்பது பிரகாசிக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தம்பி வேலையில் வேகம் காட்டினான் என்பதும், அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான் என்பதும்தான். பசையின் நெடி கண்ணைக் கரிக்கிறது என்றான். அவள் நம்பினாள்.

"சுவரை இடிக்கிற அன்னிக்கு மொதக் கடப்பாரை என் கையால" என்று அவள் நினைவூட்டினாள். முன்னறையின் தெருச்சுவரை இடித்தால்தான் தோணி வெளியே வரும். அது தொடக்கத்திலேயே பேசி முடிவானது.

"சரிக்கா" என்றான், பசை டப்பாவைப் பார்த்து.

அந்த ஆண்டு மாதா திருவிழாவுக்கு முன், கமிட்டிக்காரர்கள் தட்டில் வெற்றிலையும் பழமும் நீலப் பட்டுப்புடவையும் வைத்துக்கொண்டு பிரகாசியின் வாசலுக்கு வந்தார்கள். தேருக்கு முன்னால் மாதாவின் மணிமுடியைப் பட்டுத்தலையணையில் ஏந்திச் செல்லும் பேறு அதுவரை ஒரு பெண்ணுக்கும் கிடைத்ததில்லை.

"ஊருக்கே ஓதம் காட்டுற கை உங்க கை டீச்சர்," என்றார் தொபியாஸ். "நீங்கதான் முடி தாங்கணும்."

பிரகாசி அதிகம் பேசுகிறவள் அல்ல. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கதவுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தம்பி மனைவி விர்ஜித் அவளுக்குப் புடவை மடிப்பு எடுத்துவிட்டு, குத்த வேண்டிய ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

"என்ன பிள்ள, மடிப்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கு மதினி. ரொம்ப நல்லா இருக்கு."

தேர் காலையில் புறப்பட்டது. தலையணையின் மேல் முடி கனமாக இருந்தது. பிரகாசி மல்லிகையும் மெழுகும் மணக்க, தலை நிமிர்ந்து, அளந்து அளந்து அடி வைத்தாள். பாதித் தெரு வந்தபோதுதான், ஆண் குரல் ஒன்றும் பாட்டில் சேரவில்லை என்பதைக் கவனித்தாள். வடம் பிடித்தவர்கள் கிழவர்களும் பெண்களும். அவள் திரும்பிப் பார்க்க முனைந்தபோது, பக்கத்தில் வந்த மிக்கேலம்மா அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

"நேராப் பாத்து நட டீச்சர். முடி சாயப்போவுது."

அந்த விரல்கள் பிடியை விடவில்லை. கிழவி விழாமலிருக்கப் பிடிக்கிறாள் என்று பிரகாசி நினைத்தாள். தேர் நேரே கோயிலுக்குப் போகாமல், எந்த ஆண்டும் போகாத பின்தெருக்களில் எல்லாம் போயிற்று. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், முகத்தைப் பார்க்காமல்.

அவள் வீடு திரும்பியபோது முன்னறைச் சுவர் இல்லை. இடித்த செங்கற்களை யாரோ ஒழுங்காக அடுக்கி, சிமெண்டுத் தூளைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சமையலறையில் அவளுடைய டீ கிளாசுகள் அனைத்தும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. வேலை செய்த ஆண்களுக்கு விர்ஜித் அவற்றில்தான் டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். தெருவில் இரண்டு உடல்களையும் பிணைத்து உருட்டிக்கொண்டு போன தடம் தண்டவாளம் வரை தெரிந்தது. அவசரமாகச் செய்திருந்தால் அவள் ஒருவேளை பொறுத்திருப்பாள். இவ்வளவு நிதானமாக, இவ்வளவு சுத்தமாக, ஊர் முழுவதும் ஒரு வாய் பேசாமல் செய்திருக்கிறது.

பிரகாசி உள்ளே போனாள். பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்து வைத்து, நூல்புடவையைக் கட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள். சுவர் இல்லாவிட்டாலும் மேசை அதன் இடத்தில் இருக்க வேண்டும். பின்கட்டிலிருந்து வெட்டு மேசையைத் தனியாளாக இழுத்துக்கொண்டு வந்து முன்னறையின் நடுவில் போட்டு, ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தாள்.

மேசை ஆடியது. ஆடி, அவள் கைக்குக் கீழேயே, நான்கு காலும் தரையை விட்டு எழும்பியது.

மூலையில் அவர்கள் அடுக்கிவிட்டுப் போன துண்டுப் பலகைகளும் எழும்பின. மரச்சீவல்கள் சுவரில் வரிசை பிடித்தன. வாசற்கதவு கீலில் முனகியது. ஓத நேரம். தோணி மிதக்கவே இல்லை, பிரகாசி நினைத்துக்கொண்டாள். மிதக்கும் குணம் அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. கடல்தான் இந்த அறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. அவர்கள் பாத்திரத்தைத் திருடிக்கொண்டு தண்ணீரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் குறட்டையும் மிஞ்சிய செம்புக் கம்பியையும் எடுத்தாள்.

கதவின் ஒரு பலகையைக் கீலிலிருந்து கழற்றி மிதக்கவிட்டபோது கஸ்பார் ஓடிவந்தான். கடலில் தோணி விட்டுவிட்டு வருகிறவனின் கால்களில் புழுதிதான் இருந்தது, ஈரம் இல்லை.

"அக்கா." மூச்சு வாங்கினான். "தோணி நனைய மாட்டேங்குது."

அவள் மற்றப் பலகையின் கீலைத் திருகினாள்.

"அலைக்குள்ள தள்ளுதோம், தண்ணி வெலகிப் போவுது. இன்னும் தள்ளுதோம், இன்னும் வெலகுது. சுத்தி ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மணலு. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. நீ ஒரு தடவ வந்து கை வச்சுட்டுப் போயிரு."

"ஏறவா?"

அவன் செங்கல் அடுக்கைப் பார்த்தான். "ஏறாண்டாம்க்கா. கை மட்டும் வச்சாப் போதும்னு தொபியாஸ் சொல்லுதாரு."

முகத்தைப் பார்த்து அவன் ஆம் என்று சொல்லியிருந்தால் அவள் குறட்டைக் கீழே வைத்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது, அதனால் அவளுக்குத் தன் மேலும் கோபம் வந்தது. இரண்டு கதவுகளையும் இணையாக நிறுத்தி, மேசையின் இரண்டு கால்கள் ஒன்றின் மேலும் இரண்டு கால்கள் மற்றதன் மேலும் ஊன்றுமாறு ஏற்றி, கீல் ஆணித் துளைகளில் கம்பியை விட்டுத் தைத்து முறுக்கினாள். அவளைத் தடுக்க நீண்ட கஸ்பாரின் கை, தான் சத்தியம் செய்த கதவில் பட்டதும் தானாகப் பின்வாங்கியது.

"எனக்குக் கரையில இடம் தந்துட்டாவ அக்கா. எனக்கும் பிள்ளைக இருக்குல்லா."

"நல்லது. கரையில இடம் கேட்ட, கெடைச்சிட்டு. அதுல உக்காந்துக்கிடு."

தோரணத்துக்கு வாங்கிய மூங்கில் கம்பை மேசையில் கட்டி, நீலப் பட்டுப்புடவையைப் பிரித்து அதில் பாயாக விரித்தாள். பின்னர் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். இடித்த சுவரின் வழியாக, அவளுக்கென்று அவர்களே திறந்து வைத்த அந்தப் பெரிய வாயின் வழியாக, அறைக்குள் இருந்த கடல் தெருவுக்கு இறங்கியது. கதவும் மேசையும் அதன் மேல் சென்றன.

உலர்ந்த தெருவில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, அவள் மெதுவாகத்தான் போனாள். யார் வேண்டுமானாலும் கை நீட்டிப் பிடித்திருக்கலாம். கஸ்பார் மேசைக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான், கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் மார்பளவு மூழ்கியவன்போல் கைகளைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றான், தொடவில்லை. தண்டவாளத்தைத் தாண்டினார்கள். பனங்காட்டைத் தாண்டினார்கள். கடலோரத்தில், வற்றிய வட்டத்தின் நடுவில், வெள்ளைச் சாயம் மின்ன, இரட்டைத் தோணி நின்றது. அவள் போட்ட வெட்டு ஒன்றுகூடப் பிசகவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அதைச் சுற்றி ஊர் நின்றது. தொபியாஸ் தொண்டையைச் செருமி, வழக்கம் என்று ஏதோ தொடங்கி, முடிக்காமல் விட்டார். மிக்கேலம்மா மணலில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். இனி அவளுக்குத் தூக்கம் இல்லை.

பிரகாசி கையை நீட்டியிருந்தால் தோணியின் விளிம்பைத் தொட்டிருக்கலாம். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணுக்குத் தெரியாத ஓதம் கண்ணுக்குத் தெரிந்த அலையோடு சேர்ந்த இடத்தில் மேசை ஒருமுறை குதித்தது, பாதங்கள் நனைந்தன, பட்டு காற்றை வாங்கிக்கொண்டது. கஸ்பார் அவளோடு அலைக்குள் இறங்கப் பார்த்தான். தண்ணீர் அவனுக்கு முன்னால் விலகிக்கொண்டே போயிற்று. அவன் உலர்ந்த மணலில் நின்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து கரை எப்படித் தெரியும் என்று பார்க்க அவள் ஒரே ஒரு முறை திரும்பினாள். சிறியதாகத் தெரிந்தது, எல்லோரும் தெரிந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. விர்ஜித்தின் கை மட்டும் மெல்ல உயர்ந்தது. கஸ்பார் திரும்பிப் பார்த்ததும், கலையாத தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு அது கீழே இறங்கிற்று.